ஊறல் புளிக்கவில்லையா? ஈஸ்ட்டைக் குறை சொல்லும் முன் வாளியைப் பாருங்கள்

சர்க்கரையோ பழமோ தண்ணீரில் கலந்து, ஈஸ்ட் சேர்த்து ஊறல் போட்டு இரண்டு நாளாகியும் ஏர்லாக்கில் (மூடியில் செருகும், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத தண்ணீர்க் குழல்) ஒரு குமிழிகூட எழவில்லை என்றால், பலரும் உடனே இன்னொரு பொட்டலம் ஈஸ்ட்டைப் பிரித்துக் கொட்டுகிறார்கள். மறுநாளும் குமிழி இல்லை. பிறகு சர்க்கரை, சத்துப்பொடி, வெந்நீர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஊறலையே கெடுத்துவிடுகிறார்கள். பல வருடங்களாக வீட்டில் ஊறல் போட்டு வருகிறேன். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈஸ்ட் காரணமே இல்லை. மூடி சரியாக உட்காரவில்லை, வாளியின் அடியிலுள்ள டேப் (திறந்து மூடும் குழாய்) கசிந்தது, வாளியை வாய்வரை நிரப்பிவிட்டார்கள், வெயில் படும் மூலையில் வைத்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே கலனை முன்வைத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் அறிகுறிகளின் வழியே எழுதுகிறேன்.

இது ஊறல் புளிக்கும் கலனைப் பற்றியது மட்டும். வடிப்பது, அதாவது ஊறலைக் காய்ச்சிச் சாராயம் எடுப்பது, வேறு வேலை, வேறு ஆபத்து. பல நாடுகளில் சொந்தத் தேவைக்கென்றாலும் உரிமம் இல்லாமல் வீட்டில் வடிப்பது குற்றம். நியூசிலாந்து போல 1996 முதல் அனுமதிக்கும் நாடுகள் குறைவு. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். ஊறலை வடிக்காமல் பழ ஒயினாகவோ வினிகராகவோ ஆக்குகிறவர்களுக்கும் கீழே உள்ள எல்லாம் அப்படியே பொருந்தும்.

ஏர்லாக்கில் குமிழி வரவே இல்லை

முதலில் மூடியைச் சோதியுங்கள். ஏர்லாக்கில் தண்ணீர் பாதி அளவுக்கு இருக்கட்டும். இரண்டு விரலால் மூடியின் நடுவை மெல்ல அழுத்துங்கள். உள்ளே இருக்கும் காற்று தள்ள, ஏர்லாக்கின் ஒரு பக்கத்தில் தண்ணீர் ஏறும். விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். ஏறிய தண்ணீர் ஏறியபடியே நின்றால் மூடி இறுக்கமாக இருக்கிறது. விரல் அழுத்திக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மெல்ல இறங்கி இரு பக்கமும் சமமாகிவிட்டால், காற்று வேறெங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது. ஈஸ்ட் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வாயு மட்டும் ஏர்லாக் பக்கம் வராமல் மூடி இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

எந்த இடத்தில் கசிகிறது என்று பார்க்க, பாத்திரம் கழுவும் சோப்பை நாலு சொட்டு தண்ணீரில் கலந்து, ஒரு தூரிகையால் மூடியின் விளிம்பிலும் ஏர்லாக் நுழையும் ரப்பர் வளையத்தைச் சுற்றியும் தடவுங்கள். மூடியை மறுபடி அழுத்தினால் கசியும் இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் பூக்கும். பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இது நடக்கும். மூடிக்குள் இருக்கும் கேஸ்கெட் (காற்றை அடைக்கும் ரப்பர் பட்டை) ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும். அல்லது விளிம்பில் சர்க்கரைப் பாகு காய்ந்து ஒரு துளி ஒட்டியிருக்கும். அல்லது மூடியில் நாமே போட்ட துளை, ரப்பர் வளையத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். முதல் இரண்டையும் கழுவி, கேஸ்கெட்டை ஈரமாக்கித் திரும்ப உட்கார வைத்தால் போதும். மூன்றாவதற்குத் தடித்த வளையம் வாங்க வேண்டும். பசையோ சிலிக்கானோ பூசி அடைக்காதீர்கள். கழுவும்போது உரிந்து ஊறலில் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புளிப்பு மும்முரமாக நடக்கும் முதல் சில நாட்களில் மூடி லேசாகக் கசிவதால் ஊறலுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. வாயு வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் காற்று உள்ளே வராது. வேகம் அடங்கிய பிறகுதான் அந்தக் கசிவு வினை ஆகும். ஆகவே பதறி மூடியைத் திறந்து மூடி விளையாட வேண்டாம்.

மூடி இறுக்கமாக இருந்தும் குமிழி இல்லையென்றால் ஹைட்ரோமீட்டரை (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை) எடுங்கள். நீங்கள் நம்ப வேண்டியது அதைத்தான், ஏர்லாக்கை அல்ல. ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்து மொத்தம் 5 லிட்டராக்கினால் அளவு 1.077 அருகில் தொடங்கும்; வெறும் தண்ணீர் 1.000, முழுதாகப் புளித்த சர்க்கரை ஊறல் 0.990 வரை இறங்கும். தொடங்கிய எண்ணிலிருந்து குறைந்திருந்தால் வேலை நடக்கிறது. அளக்கும்போது ஹைட்ரோமீட்டரின் தண்டை இரு விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள். அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் வாயுக் குமிழிகள் அதைத் தூக்கிப்பிடிக்கும், எண் பொய்யாக அதிகம் காட்டும்.

எண் அசையவே இல்லை என்றால் வெப்பத்தைப் பாருங்கள். இங்கேயும் கலனுக்குப் பங்கு உண்டு. தடித்த பிளாஸ்டிக் வாளி சூட்டை எளிதில் விடாது. வெந்நீரில் சர்க்கரை கரைத்து ஊற்றி, வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்து ‘ஆறிவிட்டது’ என்று ஈஸ்ட்டைப் போடுவோம். நடுவில் அது இன்னும் சுடும். 50 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துப்போகும். அடிவரை நன்றாகக் கிளறி, வெப்பமானியை நடுவில் பிடித்துப் பார்த்து, 30 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே ஈஸ்ட் போட வேண்டும். அப்படிச் சூட்டில் போட்டிருந்தால், அப்போது மட்டும் புது ஈஸ்ட் தேவை.

நுரை பொங்கி ஏர்லாக் வழியாக வழிகிறது

இடம் விடாமல் நிரப்பியிருக்கிறீர்கள். பழச் சதையோ தானியமோ கலந்த ஊறலுக்குக் கலனில் கால் பங்கு காலியாக இருக்க வேண்டும். வெறும் சர்க்கரை ஊறல் அவ்வளவு நுரைக்காது, ஆறில் ஒரு பங்கு இடம் போதும். 25 லிட்டர் வாளி என்று எழுதியிருந்தால் அதில் 25 லிட்டர் ஊறல் போடலாம் என்று அர்த்தமில்லை. சில வாளிகளில் அந்த எண் விளிம்பு வரைக்குமான கொள்ளளவு. அதனால் வாங்கியதும் அளந்து தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு 5 லிட்டருக்கும் வெளியே ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது.

வழிய ஆரம்பித்த பிறகு ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, அதே துளையில் இறுக்கமாகப் பொருந்தும் தடித்த குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த ஜாடிக்குள் மூழ்கவிடுங்கள். நுரை அங்கே போய்ச் சேரும், வாயு தண்ணீருக்குள் குமிழியிட்டு வெளியேறும். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. மெல்லிய குழாய் என்றால் பழத்தோல் ஒன்று போதும், அடைத்துக்கொள்ள.

அந்த அடைப்புதான் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம். ஒரு கிலோ சர்க்கரை புளித்து முடியும்போது அரை கிலோ அளவுக்குக் கரியமில வாயு வருகிறது. அறை வெப்பத்தில் அது ஏறக்குறைய 270 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். 5 கிலோ சர்க்கரை போட்ட வாளியிலிருந்து ஆயிரம் லிட்டருக்கு மேல் வாயு வெளியேறியாக வேண்டும். வழி அடைபட்டால் மூடி தொப்பை போல உப்பும். அப்படி உப்பியிருப்பதைக் கண்டால் குனிந்து பார்க்காதீர்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, தடித்த ஈரத் துணியை மூடி முழுவதும் போர்த்தி, துணிக்கு மேலாகவே மூடியின் ஓர் ஓரத்தைக் கொஞ்சமாக நெம்புங்கள். சீறல் அடங்கிய பிறகு ஏர்லாக்கைக் கழற்றிக் கழுவலாம். கண்ணாடிக் கலன் என்றால் இந்த நிலைமையே வரவிடக் கூடாது. பிளாஸ்டிக் உப்பி எச்சரிக்கும். கண்ணாடி எச்சரிக்காமல் வெடிக்கும். சதைப்பற்றுள்ள ஊறலைக் குறுகிய வாய்க் கண்ணாடி ஜாடியில் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. முதல் வாரம் வாளியில் போட்டு, சதையை வடிகட்டிய பிறகு கண்ணாடிக்கு மாற்றுங்கள்.

அறைக்குள் போனால் தலை சுற்றுகிறது, மூச்சு முட்டுகிறது

உடனே வெளியே வாருங்கள். மேலே சொன்ன அதே வாயுதான். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. சன்னல் இல்லாத சரக்கறை, மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரி, நிலவறை போன்ற இடங்களில் தரையோடு தேங்கும். காற்றில் அது 10 சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பும். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, காற்று மாறிய பிறகே உள்ளே போக வேண்டும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் தூங்கும் அறையில் கலனை வைக்கவே கூடாது. பெரிய டிரம்மைக் கழுவத் தலையை உள்ளே விடுவதும் அதே அளவு ஆபத்து. தண்ணீர் ஊற்றி நிரப்பிக் கொட்டினால் தேங்கிய வாயு வெளியேறிவிடும், அதன் பிறகு கையை மட்டும் விட்டுத் தேயுங்கள்.

ஏர்லாக் தண்ணீர் காணாமல் போயிருக்கிறது

ஒன்று ஆவியாகியிருக்கும், இல்லையேல் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். இரவு குளிர்ந்தால் கலனுக்குள் வாயு சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். மூன்று துண்டாகக் கழலும் ஏர்லாக்கில் அப்போது தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகும். வளைந்த குழாய் ஏர்லாக்கில் காற்று மட்டும் குமிழியாகப் போகும். ஊறல் நிறைந்த வாளியைப் பிடித்துத் தூக்கினாலும் சுவர் நெளிந்து இதுவே நடக்கும். அதனால் ஏர்லாக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கொதித்து ஆறிய தண்ணீரோ கிருமிநீக்கி கலந்த தண்ணீரோ ஊற்றுங்கள். ஒரு கரண்டி உள்ளே போனாலும் கவலை இருக்காது.

டேப்பைச் சுற்றி ஈரம், தரையில் பிசுபிசுப்பு

என் 25 லிட்டர் வாளி ஒன்றில் டேப்பின் நட்டுக்கு அடியில் ஒரு துளி தொங்கிக்கொண்டே இருந்தது. துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி தொங்கும். காலையில் வாளியைச் சுற்றி எறும்பு வட்டம் கட்டியிருந்தது. வாஷரை மாற்றினேன், நட்டை இன்னும் இறுக்கினேன், கசிவு அதிகமானதுதான் மிச்சம். கடைசியில் காலி செய்து, துளையின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. துளை போட்டபோது எழும்பிய ஒரு பிளாஸ்டிக் பிசிறு, அரிசிக் குருணையைவிடச் சிறியது, வாஷருக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் சீவி, நைஸ் உப்புத்தாளால் தேய்த்ததும் கசிவு நின்றது. அந்த வாளி இன்றும் வேலையில் இருக்கிறது.

அன்றிலிருந்து டேப் கசிவை இந்த ஒழுங்கில்தான் பார்க்கிறேன். துளை விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா? வாஷர் உட்காரும் இடத்தில் சுவர் தட்டையாக இருக்கிறதா? வளைவான இடத்திலோ புடைப்பு எழுத்தின் மேலோ டேப் வைத்தால் எந்த வாஷரும் பிடிக்காது. இரண்டு வாஷர் கொடுத்திருந்தால் சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் கால் சுற்று, அவ்வளவுதான். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

ஊறல் உள்ளே இருக்கும்போதே கசிந்தால் டேப்பைத் தொடாதீர்கள். கீழே தட்டு வைத்துவிட்டு, சுத்தமான குழாயால் வேறு கலனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேப்புக்குள்ளும் கவனம் வேண்டும். திருகும் பகுதியைக் கழற்றிப் பாருங்கள். பழைய ஊறலின் மண்டி சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று அப்பியிருக்கும். வாளியை எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்திலிருந்தே அடுத்த ஊறலுக்குத் தொற்று வரும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ முடியாத டேப் உங்கள் கலனுக்கு வேண்டாம். நகப்பூச்சு அகற்றி வாடையோ வினிகர் வாடையோ தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சந்தேகிக்க வேண்டிய முதல் இடமும் அதுதான்.

நகப்பூச்சு அகற்றி போல நெடி, அல்லது வேகமாகத் தொடங்கிப் பாதியில் நின்றது

டேப் சுத்தமாக இருந்தும் இந்த நெடி வந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். புளிப்பு தானே வெப்பம் உண்டாக்கும். ஒரு கிலோ சர்க்கரை 5 லிட்டர் ஊறலில் புளிக்கும்போது வரும் வெப்பம் துளியும் வெளியேறாமல் தங்கினால் ஊறலின் சூட்டை இருந்ததைவிட 20 டிகிரிக்கு மேல் கூட்டிவிடும். சின்ன ஜாடியில் அது சுவர் வழியாக எளிதில் வெளியேறுகிறது. கலனின் நீள அகல உயரத்தை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்கு ஆகிறது, சுவர்ப் பரப்போ நான்கு மடங்குதான். 5 லிட்டரில் பிரமாதமாக வந்த செய்முறை 60 லிட்டர் டிரம்மில் கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம். நானும் பல பேருக்குச் சொல்வது, ஒரே பெரிய டிரம்முக்குப் பதிலாக இரண்டு மூன்று நடுத்தர வாளி வையுங்கள் என்பதுதான். ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும், தூக்கவும் எளிது.

இப்போதே சூடேறியிருந்தால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் பாதி உயரம் மூழ்க வையுங்கள். தொட்டி இல்லையென்றால் ஈரத் துணியைச் சுற்றி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெப்பநிலை காட்டும் ஒட்டுத்தாளை வெளிச்சுவரில் ஊறல் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, அது சொல்வதைவிட நடுவில் இரண்டு மூன்று டிகிரி கூடுதல் என்று கணக்கில் கொள்ளுங்கள். அடுத்த முறை சர்க்கரையை ஒரேயடியாகப் போடாமல் இரண்டு தவணையாகப் போட்டால் சூடும் தவணையாகவே வரும். குளிர் காலத்தில் இதற்கு நேர்மாறு: வெறும் தரை கலனின் சூட்டை உறிஞ்சும், அடியில் பலகை போட்டாலே போதும்.

பாதியில் நின்ற சர்க்கரை ஊறலில் சூடு சரியாக இருந்தால் புளிப்புத்தன்மையைப் பாருங்கள். வெறும் சர்க்கரை ஊறலில் பிஹெச் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) விரைவில் 3க்குக் கீழே சரிந்து ஈஸ்ட் சோர்ந்துவிடும். சுத்தமான கிளிஞ்சல் ஓட்டுத் துண்டுகளைத் துணியில் முடிந்து கலனில் தொங்கவிடுவது பழைய, நல்ல வழி. அதிலுள்ள கால்சியம் கார்பனேட் தேவைக்கேற்பக் கரையும். அளந்து பார்த்து, 4 முதல் 5க்குள் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

அழுகிய முட்டை வாடை, வினிகர் வாடை, பழைய ஊறுகாய் வாடை

முட்டை வாடை கலனின் குற்றமல்ல. ஈஸ்ட்டுக்குச் சத்துப் போதாமல் வருவது, பெரும்பாலும் தானே அடங்கும். வினிகர் வாடை கலனின் குற்றம். வினிகர் ஆக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். புளித்து முடிந்த ஊறலைப் பாதி காலியான வாளியில் வாரக்கணக்கில் விட்டால் அது பெருகும். மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டினால் தாமதிக்காமல் மண்டியிலிருந்து பிரித்து, வாய்வரை நிரம்பும் அளவுள்ள கலனுக்கு மாற்றுங்கள். மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்தால் அதுவும் காற்றுப் பட்டதன் அடையாளம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல முளைத்திருந்தால் கொட்டிவிடுங்கள், வழித்தெடுத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

ஊறுகாய், எண்ணெய், மசாலா வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியின் வாடை போகவே போகாது. சமையல் சோடா கரைசலில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் குறையும், ஆனால் ஊறலின் மதுசாரம் அதைத் திரும்ப வெளியே இழுக்கும். ரசாயனம் வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

எந்தக் கலனுக்கு மாற்றுவது

கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் கலனையே மாற்ற வேண்டியிருக்கும். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: அகன்ற வாய் கொண்ட, உணவுத் தர ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் வாளி. முக்கோணத்துக்குள் 2 என்ற எண் ஹெச்டிபிஇ, 5 பாலிபுரொப்பிலீன். ஆனால் அந்த எண் எந்த பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்லும், உணவுக்கு உகந்ததா என்று சொல்லாது. கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த அடையாளம் இருக்கிறதா என்று தனியே பாருங்கள். உட்சுவரை மென்துணியால் மட்டும் தேயுங்கள். கம்பி நார் போட்டுக் கீறல் விழுந்துவிட்டால் கீறலுக்குள் கிருமிநீக்கி எட்டாது, வாளியை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் ஊறலுக்கு மட்டும்தான். வடித்த கடும் மதுசாரத்தை அதில் சேமிக்கக் கூடாது.

கண்ணாடி கீறாது, வாடை பிடிக்காது, நீண்ட நாள் வைக்க ஏற்றது. ஆனால் 20 லிட்டர் நிரம்பிய ஜாடி 25 கிலோவைத் தாண்டும், ஈரக் கையில் வழுக்கும், வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும். கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாழ்நாளுக்கும் வரும், ஒரே விரோதி குளோரின் பிளீச். ஊறவிட்டால் ஊசிமுனைத் துளைகள் விழும். பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ கலந்தால் விஷவாயு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். துத்தநாகப் பூச்சு வாளி, ஈயம் கலந்த மெருகுப் பூச்சு இருக்கலாம் என்ற சந்தேகமுள்ள பீங்கான், பழைய பித்தளை டேப், இவை மூன்றும் அறவே வேண்டாம். ஊறல் அமிலம், உலோகத்தைக் கரைக்கும்.

எதை வாங்கினாலும் முதல் இரவு தண்ணீர்தான். ஊறல் மட்டம்வரை நிரப்பி, டேப்பை இறுக்கி, மூடியைப் பூட்டி, அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். இரு விரல் சோதனையை அப்போதே செய்துவிடுங்கள். காலையில் காகிதத்தில் ஈரம் இல்லை, ஏர்லாக்கில் தண்ணீர் நிற்கிறது என்றால் அன்றைக்கே ஊறல் போடலாம்.